நாலரை அடித் தட்டி

கிரேக்க தேசத்தின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே, டொடோனா என்று ஒரு ஸ்தலம். ஜீயஸ் என்னும் தேவராஜனுக்கு அங்கே ஒரு கோயில். கோயிலில் ஓர் ஓக் மரம். அந்த மரத்தின் இலைகள் சலசலக்கும் ஓசையில் தெய்வம் பதில் சொல்லும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. இரண்டாயிரம் வருஷங்களுக்கு வெகு முன்பே, லிசானியாஸ் என்ற ஒருவன் அங்கே போய்ச் சேர்ந்தான். மெல்லிய ஈயத் தகடு ஒன்றில் தன் கேள்வியைக் கீறினான். அன்னிலா என்பவள் கர்ப்பமாயிருக்கிறாள். அந்தக் குழந்தை தன்னுடையதுதானா? இதுதான் கேள்வி. தகட்டை மடித்துக் கொடுத்துவிட்டான்.

பாவம், மடித்த தகடு தெய்வத்துக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருப்பான். ஈயம் எளிதில் மக்குவதில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இடத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் தகடுகள் அகப்பட்டன. 2013-ல் நாலாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட வாசகங்களை இரண்டு தடித்த புத்தகங்களாக அச்சிட்டே விட்டார்கள். ஆடு வளர்த்தால் லாபம் வருமா என்கிறான் ஒருவன். காணாமற்போன கம்பளியும் தலையணையும் திருட்டுப் போனவைதானா என்கிறான் இன்னொருவன். துணியைத் திருடியவன் இன்னானா என்று பேரைச் சொல்லியே கேட்கிறான் மற்றொருவன். பெரிகிளிஸின் பிரசங்கமும் பிளேட்டோவின் தத்துவமும் எனக்கு உண்டாக்காத நெருக்கத்தை இந்தத் தலையணைக்காரன் உண்டாக்கிவிடுகிறான். ஒரே தகட்டைப் பலர் மாற்றி மாற்றி உபயோகித்ததும் உண்டு. ஒருவனுடைய கவலையின் மேல் இன்னொருவனுடைய கவலை!

நம் பக்கத்து ஏற்பாடு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மூங்கில்துறைப்பட்டில் என் சகலை சர்க்கரை ஆலையில் உத்தியோகமாயிருந்தார். அந்தப் பந்தத்தால் இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு அந்த ஊருடன் போக்குவரத்து. ஊரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகும் வழியில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. ஆற்றின் மேல்முகத்தில், 1958-ல் கட்டி முடிந்த சாத்தனூர் அணை. மேற்கே கல்வராயன் மலை. பார்க்கும் பக்கமெல்லாம் கரும்பு. அந்த ஊர் முன்பு தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு விழுப்புரத்துக்குப் போயிற்று. 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆறும் கரும்பும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துச் சுவாமி முன் போட்டு, விவரமறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கேட்க வந்தவள் வாயைத் திறப்பதில்லை. பூசாரிக்கும் கேள்வி தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. பதில் எல்லார் கண்ணிலும் படும். எதற்குப் பதில் என்பது அவள் மனத்தோடு இருக்கும். மறுநாள் பூ வாடிவிடும். நம் பாட்டிமார்கள் என்னென்ன கேட்டார்கள் என்று ஆராய விரும்பும் சரித்திரக்காரனுக்கு ஒரு சருகுகூட மிச்சமில்லை. எனக்கு இதில் வருத்தம் கிடையாது.

பத்திரிகைகள் வந்த பிறகு கேள்வி–பதில் பகுதி வந்தது. நானும் சில காலம் ஒரு வாரப் பத்திரிகையில் அந்தக் கைங்கரியத்தைச் செய்திருக்கிறேன். சினிமாவும் அரசியலும் போக மீதிக் கடிதங்கள் அநேகமாக ஒரே மாதிரி ஆரம்பமாகும்: ‘என் சிநேகிதி ஒருத்திக்கு ஒரு சந்தேகம்.’ கடிதத்தை முடிப்பதற்குள் சிநேகிதியும் எழுதியவளும் ஒருத்தியே என்பது விளங்கிவிடும். ஆனால் விளங்கியதாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. ‘உங்கள் சிநேகிதிக்குச் சொல்லுங்கள்’ என்றுதான் பதில் எழுத வேண்டும். அது ஒரு மரியாதை. அந்தச் சிநேகிதி என்னும் திரை ஒன்றிரண்டு தலைமுறைத் தமிழ்ப் பெண்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்தத் திரை முதன்முதலாகக் கிழிந்ததை மூங்கில்துறைப்பட்டில்தான் பார்த்தேன். கிழிந்தது என்பதைவிட, நாலரை அடியாகக் குறைக்கப்பட்டது என்பது பொருந்தும்.

கூகிள் கம்பெனி 1998-ல் அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. அதற்குச் சில வருஷங்கள் கழித்து நம் சிற்றூர்களுக்கெல்லாம் பிரவுசிங் சென்டர் வந்து சேர்ந்தது. மூங்கில்துறைப்பட்டில் நான் போய்வந்த கடையில், முன்புறம் ஜெராக்ஸ் மெஷின். பின்புறம் நாலு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவே மரத்தட்டிகள். மணிக்கு இருபது ரூபாய். பிளஸ் டூ ரிஸல்ட் வருகிற நாளில் வாசல் வரையில் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் சிட்டா அடங்கல், வேலைவாய்ப்பு விண்ணப்பம், துபாய்க்குப் போன மருமகனின் போட்டோ, இவைதாம். சாயங்கால வேளையில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, தட்டிக்குப் பின்னால் சில இளங்காளைகள் எதையோ மிகுந்த சிரத்தையுடன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

2011 ஏப்ரலில் மத்திய சர்க்கார் இந்தக் கடைகளுக்கென்று தனி விதிகள் போட்டது. வருகிறவர் அடையாளச் சீட்டுக் காட்ட வேண்டும். பெயர், விலாசம், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த மெஷினில் எந்தெந்த இணையதளம் பார்க்கப்பட்டது என்ற சரித்திரத்தைக் குறைந்தது ஒரு வருஷம் காப்பாற்றி வைக்க வேண்டும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் பதிவேட்டின் நகல் மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு விதி: தட்டியின் உயரம் நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது! நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தான் மறைந்திருப்பதாக ஒரு நம்பிக்கை இருக்கும். நின்றுகொண்டிருக்கும் கடைக்காரனுக்கோ எல்லாம் தெரியும். ஒரு குடிமகனுக்கு எத்தனை அந்தரங்கம் உண்டு என்று சர்க்கார் ஸ்கேல் வைத்து அளந்து சொன்னது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு சமயம்தான்.

நான் போய்வந்த கடையில் பதிவேடு என்பது நீளமான ஒரு கணக்கு நோட்டு. டீ டம்ளர் வைத்த வட்டங்கள் அதில் நிறைய. கடைப் பையனுடைய பெயர் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வரும். காரணம் கேட்டேன். “படிக்கத் தெரியாதவங்க வந்தா நான்தான் சார் தேடிக் கொடுக்கணும். அடையாளச் சீட்டும் அவங்ககிட்ட இருக்காது. என் பேரையே எழுதிடுவேன்” என்றான். நான் இருக்கும்போதே கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர் மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டி, “தம்பி, இது எதுக்குக் குடுக்கிற மாத்திரைன்னு பாரு” என்றார். பையன் பார்த்தான். பார்த்துவிட்டு என்னையும் ஒரு தரம் பார்த்தான். பிறகு அவரைக் கடைக்கு வெளியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினான். மலைக்காரப் பெரியவரின் வீட்டு வியாதி அன்று மூன்றாம் நம்பர் மெஷினில், பத்தொன்பது வயதுப் பையன் பேரில், பதிவாயிற்று.

இது நம் நாட்டு விசேஷம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். இல்லை. அமெரிக்காவில் இதே சங்கதி பெரிய அளவில், எல்லாரும் பார்க்க, அதற்கு முன்பே நடந்திருக்கிறது.

2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற கம்பெனி, ஆராய்ச்சியாளர்களுக்கு உபயோகப்படட்டும் என்று, தன் வாடிக்கைக்காரர்கள் மூன்று மாதங்களில் தேடியவற்றை இணையத்தில் வெளியிட்டது. சுமார் ஆறரை லக்ஷம் பேர். இரண்டு கோடித் தேடல்கள். பெயர்களை நீக்கிவிட்டு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். நம்பர் கொடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவான் என்பது அவர்கள் எண்ணம். மனிதர்கள் தங்கள் ஊரையும் தெருவையும் உறவினர் பெயரையும் சேர்த்தே தேடுவார்கள் என்பது தோன்றவில்லை. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் இருவர் ஒரு நம்பரை எடுத்துக்கொண்டு, அந்த நம்பருக்குரியவர் தேடியவற்றை வரிசையாகப் படித்து, ஒரு வாரத்துக்குள் ஜார்ஜியா மாநிலத்தில் அறுபத்திரண்டு வயது விதவை ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்கள். பட்டியலைப் படித்துக் காட்டியதும் அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனார். அத்தனையும் அவர் தேடியவைதாம்.

கம்பெனி அந்தப் பட்டியலைச் சில நாட்களிலேயே விலக்கிக்கொண்டது. தொழில்நுட்பத் தலைமை அதிகாரி பதவியை விட்டார். ஆனால் இணையத்தில் ஒரு தரம் வெளியே போனது போனதுதான். பிரதி எடுத்தவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த சங்கதி. அந்த அம்மாளின் பட்டியலில் வியாதிகள் ஏராளம். விரல் மரத்துப் போவது முதல் எத்தனையோ. பட்டியலை மட்டும் பார்க்கிறவன், ‘ஐயோ, இந்த ஸ்திரீக்கு உடம்பில் இல்லாத நோயே இல்லை, இன்னும் எத்தனை நாளோ!’ என்றுதான் முடிவு கட்டுவான். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரன் பார்த்தால் கட்டணத்தை ஏற்றிவிடுவான். விசாரித்தபோது அவர் சொன்னது என்ன? சிநேகிதிகள் தங்கள் உடம்புக்கு இன்னது என்று சொல்லிக் கவலைப்படுவார்களாம். அவர்களுடைய பயத்தைத் தணிப்பதற்காக இவர் தேடிப் பார்த்துச் சொல்வாராம். நோயாளியின் சரித்திரம் என்று தோன்றியது, அக்கம்பக்கத்தாருக்கு ஆறுதல் சொல்லும் ஒரு நல்ல மனுஷியின் சரித்திரம்.

என் பழைய கடிதக்காரிகளை நினைத்துக்கொண்டேன். அவர்கள் தங்கள் கேள்வியைச் சிநேகிதியின் கேள்வி என்றார்கள். இந்த அம்மாள் கேட்டது நிஜமாகவே சிநேகிதிகளின் கேள்வி; அதை அவருடைய கேள்வியாக மெஷின் எழுதி வைத்துக்கொண்டது.

அதே பட்டியலில் மனைவியைக் கொல்வது எப்படி என்று தேடிய ஒரு நம்பரும் இருந்தது. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் பிரமாதமாகப் பேசினார்கள். நான் நாவலாசிரியன். துப்பறியும் தொடர்கதை ஒன்று எழுதிய வருஷத்தில் ருசியில்லாத விஷம் எது, ஆற்றில் போட்ட பிரேதம் எத்தனை நாளில் மிதக்கும், தூக்க மாத்திரையைப் பாயசத்தில் கலந்தால் தெரியுமா என்றெல்லாம் தேடியிருக்கிறேன். அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு ஒரு தலைவலி காய்ச்சல் வந்திருந்தால்கூட என் நிலைமை சிக்கலாகியிருக்கும்.

லக்ஷக்கணக்கான பேருடைய தேடலைச் சேர்த்துப் பார்த்தாலாவது உண்மை தெரியுமா என்றால், அதுவும் தடுமாறுகிறது. 2008-ல் கூகிள் கம்பெனி ஒரு கணக்குப் போட்டது. ஜனங்கள் காய்ச்சலைப் பற்றி எந்த ஊரில் அதிகம் தேடுகிறார்களோ அந்த ஊரில் ஃப்ளூ ஜுரம் பரவுகிறது என்று ஆஸ்பத்திரிகளுக்கு முந்தியே சொல்லிவிடலாம் என்றார்கள். முதலில் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது, உலகம் வியந்தது. 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் கணக்கு, நடந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டிற்று. செய்தியில் ஃப்ளூ ஃப்ளூ என்று கேட்டால் ஜுரம் இல்லாதவனும் பயத்தில் தேடுவான் அல்லவா? 2015-ல் அந்தக் கணக்கை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லக்ஷத்து அறுபதினாயிரம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அன்று தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளத்தைப் பற்றித் தேடியவர்களில் பாதிப் பேர் ஆற்றங்கரையில் இருந்திருக்க மாட்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

நம் நீதிமன்றங்கள் இந்த அந்தரங்க விஷயத்தில் மெதுவாகத்தான் நடந்து வந்திருக்கின்றன. 1954-ல் எட்டு நீதிபதிகள் அமர்ந்த வழக்கிலும், 1962-ல் உத்தரப் பிரதேசத்துக் கரக்சிங் வழக்கிலும், அரசியல் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை என்ற கருத்துதான் மேலோங்கிற்று. பிந்திய வழக்கில் நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு எழுதியது நம் தென்னாட்டவர்கள் பெருமையோடு நினைக்கத்தக்கது. தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்ன முக்கியமான வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிடலாமா என்ற 1994-ஆம் வருஷத்து வழக்கு அது. கடைசியாக 2017 ஆகஸ்டு 24-ந் தேதி, கர்நாடகத்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று பார்லிமெண்டில் ஒரு சட்டமும் நிறைவேறிற்று.

இதற்குள் மூங்கில்துறைப்பட்டுப் பிரவுசிங் சென்டர் மூடியாயிற்று. 2016-க்குப் பிறகு இன்டர்நெட் மலிந்து, எல்லார் கையிலும் போன். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நாலரை அடித் தட்டிக்குப் பின்னால் உட்கார யார் வருவார்கள்? கணக்கு நோட்டு என்னவாயிற்று என்று கடைக்காரரைக் கேட்டேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாராம். பூ வாடியதைப்போல அதுவும் போயிற்று. இப்போதைய பதிவேடு கடல் கடந்து இருக்கிறது. புதிதாகக் கணக்கு ஆரம்பிப்பவர்களுடைய தேடல்களைப் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு தானே அழித்துவிடுவதாக 2020-ல் கூகிள் கம்பெனி ஏற்பாடு செய்தது. பதினெட்டு மாதம் என்பது நீண்ட காலம். ஒரு குடும்பத்தில் அதற்குள் என்னென்னவோ நடந்துவிடும்.

சட்டம் சர்க்காரைத் தடுக்கலாம், கம்பெனியைத் தடுக்கலாம். போன் கிடப்பது வீட்டுக்குள், டி.வி. பெட்டியின் மேல். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சகலையின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் தையல் வேலை செய்கிறாள். கொஞ்சம் படித்தவள். கணவன் கரும்பு லாரி ஓட்டுகிறவன். அரவைக் காலத்தில் வீடு தங்குவதில்லை. அந்தத் தெருப் பெண்களுக்கு இவளுடைய போன்தான் டொடோனா. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருவதுபோல் வந்து, துணியை நீட்டிக்கொண்டே காதோடு கேட்பார்கள். இவள் தேடிப் பார்த்துச் சொல்வாள்.

ஒரு தை மாதத்தில் கணவன் ஊர் திரும்பினான். சினிமாப் பாட்டுப் போடுவதற்காக அவள் போனை எடுத்தவன் கண்ணில், கருவைக் கலைக்கும் மாத்திரையை எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்ற தேடல் பட்டது. தேதியைப் பார்த்தான். அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டரை மாதம் ஆன தேதி. யாருக்காகப் பார்த்தாய் என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. அடித்தான். அப்போதும் சொல்லவில்லை. அண்ணன் வந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போனான். அவர்களும் கேட்டார்கள். “எனக்காகப் பாக்கலை. அதுக்கு மேல கேக்காதீங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பதினேழு நாள் இப்படிப் போயிற்று. தெருவே அவளைப் பற்றிப் பேசிற்று. அப்படிப் பேசியவர்களில் அவளிடம் காதோடு கேட்டவர்களும் இருந்தார்கள்.

பதினெட்டாம் நாள், கரும்பு வெட்டப் போகும் பெண் ஒருத்தி, மூன்று பிள்ளைக்காரி, லாரிக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “அண்ணா, நான்தான் பாக்கச் சொன்னேன். நாலாவது வேண்டாம்னுட்டு பாத்தேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும்” என்றாள். அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மாமனார் ஊருக்கு பஸ் ஏறினான்.

இதை அந்தத் தையற்காரப் பெண்ணே என் மனைவியிடம் சொன்னாள். தெருப் பெண்கள் இப்போதும் அவளிடம்தான் வருகிறார்களாம். “பாத்து முடிச்சதும் அழிச்சுடக் கூடாதாம்மா? அதுக்கு ஒரு பொத்தான் இருக்கே” என்றாள் என் மனைவி.

“அழிக்கத் தெரியும்க்கா. அழிச்சா, எதை அழிச்சேன்னு கேப்பாரு” என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.